பாதை வரும், நில்லுங்க

நீண்ட வார இறுதி தொடங்கிவிட்டது. கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கள் தலையில் ஏறித்தான் போவார்கள் போலிருக்கிறது.

இன்று காலை அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக மண்டூர்த் துறையில் நின்றேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு வேன், துறையைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி வந்தார்.

"அக்கா, இதால பீச்சுக்குப் போகலாம் என்று மேப் காட்டுது. ரோட்டைக் காணோமே?"

"பாதை இப்ப வரும். கொஞ்சம் நில்லுங்க தம்பி."

வாவியைக் கடத்திவிடும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். அவர் வேன் பக்கம் திரும்பி, "மச்சான், இங்க ரோடு நடந்து வருமாம்" என்றார். உள்ளே ஒரே சிரிப்பு.

பிறகு என் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டினார். "இன்னொருக்காச் சொல்லுங்க அக்கா."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாதை வந்தது. அது வருவதை எடுத்த வீடியோ சரியாக விழவில்லையாம். பாதைக்காரரிடம் கேட்டார்கள்: "அண்ணன், ஒருக்கா அங்கால போயிட்டுத் திரும்பி வாங்களேன்."

அவர் தலையாட்டினார். எங்களையும் நாலைந்து மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

"ஹலோ, எங்கட வேன் ஏறல்லையே?"

"நீங்கதானே போயிட்டு வரச் சொன்னீங்க. போறம்."

அந்த வீடியோ யார் கண்ணிலாவது பட்டால் இங்கே போடுங்கள். ரோடு நடந்து போன இடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.