பெற்றோல் குழாய்க்குக் கற்பூரம்

எங்கள் வான் வண்டிக்கு அடியால் போகும் பெற்றோல் குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. நாங்கள் வந்து குடியேறிய ஷ்லீரன் நகரத்தில் குளிர்காலத்தில் பனி உருக வீதிக்குக் கொட்டுகிற உப்பு இரும்பை என்ன பாடு படுத்தும் என்று பார்க்க, பழைய வான் ஒன்றுக்குக் கீழே படுத்தால் போதும். நகத்தால் சுரண்டினேன், செதில் செதிலாக உதிர்ந்தது. வாகனப் பரிசோதனைக்கு அழைப்பும் வந்திருந்தது. இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் ஓடவிட மாட்டார்கள். நானும் மனைவியும் விடிய முன்னர் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவது அந்த வானில்தான்.

கராஜில் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத் திமிர். ஊரில் போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். ஒரு குழாய் மாற்ற இன்னொருவனிடம் போய் நிற்பதா? இடம்தான் பிரச்சினை. எங்கள் குடியிருப்பில் வாகனம் திருத்துவதற்குத் தடை.

குடியிருப்பைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட் எங்கள் ஆள், யாழ்ப்பாணத்தவர். எல்லோருக்கும் அண்ணை. படிக்கட்டுக் கழுவ வந்து, வருடக்கணக்காகக் கழுவி, கடைசியில் அந்த வேலைக்கு உயர்ந்தவர். எங்கள் சனத்தில் ஒருவருக்கு அங்கே அந்தப் பொறுப்புக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான் அவரிடம் போய், புல்வெட்டும் இயந்திரம் நிற்கும் பின்பக்கக் கொட்டகையை ஒரு நாளைக்குக் கேட்டேன். மனிதர் சாவிக்கொத்தில் இருந்து ஒரு சாவியைக் கழற்றித் தந்தார்.

"நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா என்ர வேலைக்குத்தான் ஆபத்து, தம்பி. சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள முடிச்சுப்போடும். நெருப்பு மட்டும் கண்ணிலயும் காட்டக்கூடாது."

"ஓமண்ணை. நான் சிகரெட்டே குடிக்கிறேல்லை."

சனிக்கிழமை காலையிலேயே வானைப் பின்பக்கமாகக் கொட்டகைக்குள் விட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்குகட்டை கொடுத்துவிட்டுக் கீழே புகுந்தேன். பழைய நட்டுகள் ஒன்றும் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன், தட்டினேன், கெட்ட வார்த்தையால் திட்டினேன். கடைசியில் குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதிய செம்புக் கலவைக் குழாயைப் பழையதன் வளைவைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே வளைத்தேன். முனைகளை விரித்து, புது நட்டுப் போட்டு இறுக்கினேன். அழகாக வந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

பெற்றோல் தாங்கிப் பக்கம் இருந்த ஒரு நட்டு மட்டும் சண்டை பிடிக்காமல் கழன்று வந்திருந்தது. மேலே துரு, உள்ளே பரவாயில்லை என்று பட்டது. பின்னேரமும் ஆகிவிட்டது. அதையே திரும்பப் பூட்டினேன். எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

இறக்கி நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். தட்டோடு வந்தாள். தேசிக்காய், தேங்காய், வெற்றிலை, கற்பூரம். பெரிய திருத்தம் செய்த வாகனத்தை அப்படியே வீதிக்கு இறக்குகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தேசிக்காயைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தேன். முன்னால் நிலத்தில் வெற்றிலையை வைத்து அதன்மேல் கற்பூரத்தை வைத்தேன்.

"பெற்றோல் மணக்குதெல்லே?" என்றாள் மனைவி.

"என்ர கைதான் மணக்குது. காலையில இருந்து அதுக்குள்ளதானே கிடக்கிறன்."

அண்ணை சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. நெருப்பு என்றால் சிகரெட், இரும்பு ஒட்டு வேலை, அடுப்பு. கற்பூரத்தை யார் நெருப்பு என்று நினைப்பது? அது சாமி காரியம். பத்தவைத்தேன்.

கொட்டகையின் நிலம் வாசலை நோக்கிச் சரிவு. அந்தப் பழைய நட்டால் கசிந்த பெற்றோல் வானுக்குக் கீழால் மெல்ல முன்னுக்கு வந்திருக்கிறது. நீல நிறமாக ஒரு கோடு ஓடியதைக் கண்டேன். பிறகு 'பக்' என்றது. மனைவியை வெளியே தள்ளினேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன். எங்கிருந்தோ ஓடிவந்த அண்ணைதான் தீயணைக்கும் உருளையைப் பிடித்து அடித்தார். நெருப்பு அணைந்தது. வானின் முன்பக்கம் கருகியது, கொட்டகைக் கதவு கரியானது. யாருக்கும் காயமில்லை. குடியிருப்பின் யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. யாரோ அழைத்துத் தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டுப் போனது. அத்தனை கண்களுக்கு முன்னால், கையில் தேங்காயோடு நான் நின்றேன். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். சத்தம் போடவில்லை. கருகிய கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜெர்மனில் கேட்டார்: "இங்கே வேலை செய்ய யார் அனுமதி கொடுத்தது?"

நான் சொல்லியிருக்கலாம், யாரையும் கேட்காமல் நானாகத்தான் உள்ளே போனேன் என்று. அந்த வசனத்தை இரவு முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதைச் சொன்னால் எங்களை வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"நான்தான்" என்றார் அண்ணை.

"நெருப்புக் கூடாது என்று இவரிடம் சொன்னீர்களா?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"சொல்ல மறந்துவிட்டேன்" என்றார்.

அதோடு நிற்கவில்லை. கற்பூரம் என்றால் என்ன, நாங்கள் ஏன் வாகனத்துக்குக் கொளுத்துகிறோம் என்று அந்தப் பெண்மணிக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார், பிழை விட்டவர் தான்தான் என்பது மாதிரி. அந்த மாதக் கடைசியோடு அவருடைய வேலை போனது. எங்களுக்கு ஓர் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது.

அண்ணை என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதே குடியிருப்பில்தான் குடியிருந்தார்; படிக்கட்டில் கண்டால் "வான் சரியோ, தம்பி?" என்று கேட்பார். "ஓமண்ணை" என்று சொல்லிவிட்டுக் கெதியாக இறங்கிவிடுவேன்.

அந்த நட்டையும் மாற்றி, கருகியதைத் திருத்தி, பரிசோதனைக்குப் புதுத் திகதி வாங்கி வானைக் கொண்டுபோனேன். பரிசோதகர் கீழே நின்று விளக்கை அடித்து, புதுக் குழாயை முழு நீளத்துக்கும் பார்த்தார். ஒரு வளைவைத் தடவியும் பார்த்தார்.

"சுத்தமான வேலை. யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன், அவர் கேட்டு வாய்மூட முன்னமே.