தும்பியின் பெயரை அவர் போடவில்லை

என் வீட்டுக்காரர் வால்டருக்கு மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை. அது சம்பளத்துக்கு. உயிரை விட்டதெல்லாம் வேறொன்றுக்கு. இல்லாத ஊருக்கு ஒரு பத்திரிகை நடத்தினார்.

சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவள்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரு தீவு. கோலார், கோயம்புத்தூர், மலேசியா என்று எங்கெங்கோ இருக்கிற நானூறு தமிழர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அங்கே வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், சண்டையும் போட்டார்கள். ஞாயிறுதோறும் வால்டரின் ‘தீவுச் செய்தி’ அங்கிருக்கும் சந்தைப் பலகையில் வரும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சர்ச்சுக்குக் கிளம்பும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்.

“இல்லாத ஊருக்கு என்னாத்துக்குங்க பேப்பரு? இருக்கிற வீட்டுல கேஸ் தீந்து போச்சு, அதை நியூஸா போடுங்க” என்பேன்.

“ஊரு இல்ல, ஒப்புக்கறேன். ஜனங்க இருக்காங்கல்ல ஜேன்?”

ஒருமுறை தீவை நிர்வகித்தவர்கள், தங்களுக்குப் பிடிக்காத மூன்று பேரைக் காரணம் சொல்லாமல் வெளியே தள்ளினார்கள். வால்டர் இரண்டு தரப்பையும் விசாரித்து எழுதினார். மூன்று பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என் கேலி கொஞ்சம் குறைந்தது.

தீவுச் செய்திக்கு ஒரே ஒரு சட்டம். யாருடைய நிஜப் பெயரும் ஊரும் அதில் வராது. சொந்த ஊரில் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே பாதிப் பேர் அங்கே வந்திருந்தார்கள்.

தீவுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கரை சேர்ப்பவள் தும்பி என்ற பெண். மற்றவர்கள் மோட்டார் படகு ஓட்டினால் இவள் மட்டும் பரிசல் செய்து வைத்திருந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று வால்டருக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் வழியே பேசிப் பேட்டி எடுத்தார். நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“நஞ்சன்கூட்டுல தைக்கிற கம்பெனிங்ணா. ஹாஸ்டல்ல இருக்கறேன். பரிசல் எங்கூர்ல அப்பங்கூட ஓட்டுனது. கோபிநத்தங்ணா.”

கர்நாடக எல்லைக் காட்டில், காவிரிக்கரையில் இருக்கும் தமிழ் ஊர் அது. அவ்வளவுதான், மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்களைப் போன்ற மைசூர்த் தமிழர்களுக்கு இது ஒரு வியாதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தமிழ் கேட்டால் போதும், எந்த ஊர், யார் வீடு என்று தொடங்கிவிடுவோம். நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் தலைகால் புரியாது.

“ஊர்ப் பேரும் எம்பேரும் மட்டும் போட்றாதீங்ணா” என்றாள் அவள்.

“சத்தியமா போடமாட்டேம்மா.”

போடவில்லை. அவர் போட்டது இது: “பகலெல்லாம் நஞ்சன்கூட்டில் தையல் மெஷின், பொழுது சாய்ந்தால் தீவில் துடுப்பு. நம் பக்கத்துப் பெண். காட்டோரக் காவிரியில் அப்பாவோடு பரிசல் தள்ளிப் பழகிய கை.” எனக்குப் படித்துக் காட்டினார். “கண்ல தண்ணி வருதுங்க, அப்படியே போடுங்க” என்றேன். அந்தப் பாவி நான்தான்.

தீவுச் செய்தியில் அதுவரை எதற்கும் விழாத அளவுக்கு அதற்குப் பாராட்டு விழுந்தது. கோபிநத்தம் பக்கத்து ஹனூர்க்காரர் ஒருவர், நம்ம பக்கத்துப் பொண்ணு என்று பூரித்துப்போய், தன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டார். அவருக்கும் எங்கள் வியாதிதான்.

செவ்வாய்க்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. வால்டர்தான். காலை எட்டரைக்குத் தும்பி செய்தி அனுப்பியிருக்கிறாள்: “அண்ணா, மாமன் ஹாஸ்டல் வாசல்ல நிக்கறாரு. அந்தப் பேப்பர எடுத்துருங்ணா. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்ணா.” ஆஸ்பத்திரி டியூட்டியில் போனைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவர் பார்த்தபோது மணி ஒன்று.

இருவரும் மைசூருக்குப் பக்கத்தில் இருக்கும் நஞ்சன்கூட்டுக்கு ஓடினோம். நாலு ஹாஸ்டல் ஏறி இறங்கி, ஐந்தாவதில் கௌரம்மா என்ற வார்டன் வாசலிலேயே நிறுத்தி, “ஹெசரு ஹேளி” என்றார். பெயரைச் சொல்லு என்கிறார். தும்பியின் நிஜப் பெயரை இவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. பெயர் தெரிந்தால்தானே சொல்வதற்கு! அப்பா கையில் பரிசல் கற்றது தெரியும், ஊர் தெரியும், பெயர் தெரியாது.

கோபிநத்தம் என்றதும் வார்டனுக்கு விளங்கிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டைவிட்டு வந்த பெண்ணாம். தாய்மாமனைக் கட்டிக்க மாட்டேன் என்று எட்டு மாதமாக இங்கே ஒளிந்திருந்தாளாம். காலையில் நாலு ஆம்பளைகள் காரில் வந்து கூட்டிப் போய்விட்டார்கள்.

“அழுதாளா?” என்று கேட்டேன்.

வார்டன் கேட்டை இழுத்துச் சாத்தினார். பெயரையும் சொல்ல மறுத்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனோம். யார், என்ன வயசு, பெயர் என்ன, நீங்கள் அவளுக்கு என்ன ஆகணும் என்று கேட்டார்கள். “பத்திரிகைக்காரன்” என்றார் வால்டர். எந்தப் பத்திரிகை என்றதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் விக்கி விக்கி அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது, அவர் மேலும் என் மேலும்.

அடுத்த ஞாயிறு தீவுச் செய்தியில் ஒரே வரிதான் வந்தது: “தும்பியை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன்.” அதோடு பத்திரிகை நின்றது. “நீங்க பேர் போடலியே சார், உங்க மேல என்ன தப்பு?” என்று நிறையப் பேர் ஆறுதல் எழுதினார்கள். பேர் போடலியாம்! அடையாளம் அத்தனையும் எழுதி வைத்த பிறகு பேர் யாருக்கு வேண்டும்?

பத்திரிகை இல்லாவிட்டாலும் அவர் தினமும் விடிகாலையில் தீவுத் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாலாவது வாரம், ஒரு நாள் காலை, “ஜேன்! வந்துட்டா ஜேன்!” என்று கத்தினார். மாவுக் கையோடு ஓடினேன். பரிசலுக்குப் பக்கத்தில் தும்பி நின்றிருந்தாள். அவள் உருவத்துக்கு எப்போதும் இருக்கும் அதே பச்சைத் தாவணி.

“எங்கம்மா இருக்கே? நல்லா இருக்கியா?” என்று தட்டினார். இரண்டு முறை அழித்து எழுதினார்.

பதில் வந்தது.

“நான் அவ வீட்டுக்காரனுங். மாமன். போன வாரம் மாதேஸ்வரன் மலைக் கோயில்ல கல்யாணம் ஆச்சுங். எட்டு மாசமா தேடாத எடமில்லீங். நீங்க எழுதுனதப் பாத்துத்தான் புடிச்சோம். ரொம்ப நன்றிங் சார்.”

பிறகு தும்பியின் உருவம் இரண்டு கையையும் கூப்பி வால்டரைக் கும்பிட்டது.