வாசலில் ஓர் உப்புக் கம்பம்

அன்று காலை நான் எங்கள் ஆட்டுப் பண்ணையின் மின்வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கம்பியில் புல் பட்டால் கரண்ட் தரைக்கு இறங்கிவிடும் என்பதால் என் தோழி எஸ்தர் போட்டிருந்த சட்டம் அது. அவள் மகள் ஜெனிஃபர் ஜோலார்பேட்டையிலிருந்து போன் செய்தாள். "அத்தை, அம்மா போய்ட்டாங்க" என்றாள். மகளைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொல்லிக்கொள்ளாமல் எங்கும் போகாதவள் அவள்.

உங்களில் அவளை அறிந்தவர்களுக்கு அவள் குரலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னுடன் ஒரே லைனில் தைத்தவள். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது, வேலை போன பெண்களைத் திரட்டி, குத்தகை நிலத்தில் கூட்டாக ஆடு வளர்க்க வைத்தாள். "அழுதா கம்பெனி திரும்பக் கூப்பிடப் போவுதா? எழுந்திருங்கடி" என்று எங்களைக் கிளப்பியவள் அவள்தான்.

ஆடுகளுக்கு எமனாக வந்தவை தெருநாய்கள். மின்வேலி போடுவதென்று முடிவானது. வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பி இழுக்கும் கொலைகார வேலி அல்ல. சோலார் மெஷின் வைத்து, விட்டுவிட்டுச் சுருக்கென்று அடிக்கும் வேலி. கம்பம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எஸ்தருக்கு. இரும்பு வேண்டாம், கம்பி உரசினால் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும் என்றாள். கல் நல்லதுதான், கூலி தாங்காது. மரத்தைக் கரையான் தின்னும். அந்த நேரம் பார்த்து ஊரோரத்தில் தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்றை இடித்தார்கள். உப்புத் தோல் அடுக்கிவைத்த கிடங்கின் மரங்கள் சல்லிசாகக் கிடைத்தன. "எத்தினி வருஷம் உப்புல ஊறுன மரம்! கரையான் கிட்ட வருமா?" என்று அவள் கேட்டபோது நாங்கள் கைதட்டினோம். கம்பி கம்பத்தில் படாமல் தாங்கும் இன்சுலேட்டரைக் கம்பத்துக்குக் கம்பம் மாட்டச் சொன்னார் மெஷின் விற்றவர். "மரத்துல கரண்ட் பாயாது, அது தண்டச் செலவு" என்று சொல்லி, கம்பியை மரத்திலேயே ஆணியால் அடிக்க வைத்தாள்.

பனிக்காலம் வந்தது. ஒரு விடியற்காலையில் நாய்கள் வேலிக்குள் புகுந்து சினை ஆடுகளைக் குதறிவிட்டன. மெஷின்காரர் நண்பகலில் வந்து வேலியில் டெஸ்டரை வைத்தார்; அதன் விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. "மெஷின்ல ஒண்ணும் பேஜார் இல்லம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். மிச்ச ஆடுகளை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டு கலைந்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. பலரும் தலையாட்டினார்கள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் விடியலில் எஸ்தர் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பனியில் நனைந்த வேலியில் டெஸ்டர் மினுக்கென்று ஒற்றை விளக்கைத்தான் காட்டியது. மெஷினை நிறுத்திவிட்டு அவள் கம்பத்தைத் தடவினாள். பிறகு குனிந்து அதில் நாக்கை வைத்தாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

"இன்னாடி பண்ற?" என்றேன்.

நிமிர்ந்தவள் சிரிக்கவில்லை. "உப்பு, வசந்தா. பனிய உறிஞ்சிக்கினு மரமே ஈரமாய்டுது. அந்த ஈரத்து வழியா கரண்டெல்லாம் மண்ணுக்குப் போவுது. வெயில் ஏறுனா காஞ்சிடுது. அதான் மத்தியானம் பாத்தா ஒண்ணும் தெரியல."

அன்றே எல்லோரையும் கூட்டினாள். மெஷின் மேல் பழி போட்டிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். அவளோ, "மரத்த எடுத்தது நான். இன்சுலேட்டர் வேணாம்னதும் நான். தப்பு என்னுது. சரி பண்ணிட்டுப் பேசறேன், அப்புறம் கலையறதுன்னா கலைங்க" என்றாள். தன் பங்குக் கிடாக்களை விற்று, மூலைகளுக்குக் கல் கம்பமும் நடுவே தைலமரக் கம்பமும் வாங்கினாள், எல்லாவற்றிலும் இன்சுலேட்டர். மரக்கடையில் ஒவ்வொரு கம்பத்தையும் நாக்கால் தொட்டுப் பார்த்துக் கடைக்காரரை மிரள வைத்தாள். அதன் பிறகு ஒரு நாய்கூட உள்ளே வரவில்லை, நாங்களும் கலையவில்லை.

உப்புக் கம்பங்களைப் பிடுங்கியபோது ஒன்றை மட்டும் வாசலில் விட்டுவைத்தாள். வேலியைப் பார்க்க விரிஞ்சிபுரம், நெமிலி என்று பல ஊர்களிலிருந்து விவசாயிகள் வருவார்கள். அவர்களை அதன் முன் நிறுத்தி, "இது நான் பண்ண தப்பு. இத்தப் பாத்துட்டு உள்ள வாங்க" என்பாள். ஆரம்பத்தில் எனக்குத்தான் கூசியது. போகப்போகப் பெருமையாகிவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஜெனிஃபர் வந்தாள். "அம்மா பண்ண தப்ப ஊரே பாக்கணுமா அத்தை? புடுங்கிடலாமே" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் வேலி பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்பத்தின் முன் அவர்களை நிறுத்தி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர்களில் ஒருவர் அங்கேயே போனை எடுத்தார். "அந்த டேனரி மரம் வேணாம்பா, வண்டில ஏத்தாத" என்று யாரிடமோ கத்தினார். ஜெனிஃபர் கேட்டுக்கொண்டு நின்றாள்.

எஸ்தரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கம்பத்தைத்தான். அதையும் இப்போது பங்கு போட வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஆட்கள் வந்தபோது என்னை முந்திக்கொண்டு ஜெனிஃபர் வாசலுக்குப் போனாள்.

"இது எங்கம்மா பண்ண தப்பு" என்றாள், நிமிர்ந்து நின்று. "இத்தப் பாத்துட்டு உள்ள வாங்க."