உலக்கையில் அறுத்த விரல்பலகை

குருநகர் நண்டுக் கம்பனி ஒன்றில் ஓடுடைத்துச் சதை எடுப்பது றெஜினாவின் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடது கை விரல் நுனிகளில் மட்டும் ஓடு குத்திவிடாமல் கவனமாக இருப்பாள். அங்கே காயம் பட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிற்றார் வாசிக்க முடியாது.

அந்த எலக்ட்ரிக் கிற்றார் அவளுடைய அண்ணன் லெனாட் விட்டுப்போனது. ஒருகாலத்தில் இருவரும் கலியாண வீடுகளில் சேர்ந்து வாசித்தவர்கள். அவன் பிரான்சுக்குப் போன புதிதில், தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "எங்கை, ஒரு பாட்டு வாசி, கேப்பம்" என்பான். பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டான். குடும்பம், வேலை, வேறு உலகம், மறந்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு உள்ளுக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. அம்மாவும் காலமானபின் வீட்டில் அவள் தனி.

போன வருடம் உப்புக்காற்றில் கிற்றாரின் விரல்பலகை வெடித்துக் கிளம்பியது. கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும், விரல் ஓடித்திரியும் அந்த ரோஸ்வூட் பலகை. கம்பியை அழுத்தினால் பல இடங்களில் ஒரு கரகரப்பு. வீணை திருத்துகிற நடராசா என்று ஒருவர் புத்தூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப்போனாள். நடராசா பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இது இனிச் சரிவராது தங்கச்சி. புதுசுதான் போடவேணும். ரோஸ்வூட்டுக்கு நான் எங்கை போறது? முதிரை கிடக்கு. கருங்காலி எண்டால் இன்னும் திறம். ஆனால் அதை இப்ப ஆர் தருவினம்?"

கிற்றாரைத் திரும்பக் கொண்டுவந்து, வெடிப்பில்லாத இடமாகப் பார்த்து ஒரு பாட்டின் முதல் அடியை வாசித்து, பழைய சத்தத்தின் ஞாபகத்துக்காகக் கைத்தொலைபேசியில் பதிந்துவைத்தாள். அடுத்த முறை கிற்றாரோடு அம்மாவின் கருங்காலி உலக்கையையும் தூக்கிக்கொண்டு போனாள். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

நடராசா திகைத்துப்போனார். "உலக்கையை அறுக்கச் சொல்லுறீரோ?"

"மா இடிக்க வீட்டிலை ஆக்கள் இல்லை அண்ணை. அறுங்கோ."

உலக்கையின் இரும்புப் பூணைக் கழற்றி, நடுவால் அறுத்து, பழைய பலகையின் அளவுக்கே இழைத்து, பலகையின் குறுக்குக் கம்பிகளைப் புதிதாகப் பதித்து, வாசிக்கும் கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் பெட்டியில் செருகி முதல் சுரத்தைத் தட்டியவள் கையை எடுத்துவிட்டாள். ரோஸ்வூட்டில் சத்தம் உருண்டு திரண்டு மெதுவாக வரும். இது விரல் பட்டவுடனேயே பளிச்சென்று புறப்பட்டது. மெல்லிய கம்பிகளில் அது இன்னும் கூர்மையாகக் கேட்டது.

கோயிலில் கீபோர்ட் வாசிக்கும் நிருஷனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அன்ரி, எலக்ட்ரிக் கிற்றாரிலை மரம் என்ன செய்யும்? காந்தம் கம்பியின்ரை ஆட்டத்தைத்தானே பிடிக்குது. புதுக் கம்பி போட்டிருக்கிறியள், அதுதான்."

அப்படியும் இருக்கலாம் என்று கொஞ்ச நாள் பொறுத்தாள். கம்பிகளின் மினுக்கம் போனது. சத்தத்தின் கூர்மை போகவில்லை. வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பழைய சத்தத்தை அறிந்த ஒருவர் சொன்னால்தான் மனம் ஆறும். அதே அடியைத் திரும்ப வாசித்துப் பதிந்து, மரம் மாற்றிய கதையையும் எழுதி, இரண்டையும் லெனாட்டுக்கு அனுப்பினாள்.

பதில் வந்தது: "ரெண்டும் ஒண்டுதானே. வடிவாயிருக்கு."

அடுத்த நாள் கம்பனியில் அவள் விரல்களைக் கவனிக்கவில்லை. ஓடு குத்தி கையுறைக்குள் இரத்தம் கசிந்ததைப் பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாதான் கண்டு சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அண்ணனுக்கு அழைத்தாள்.

"அண்ணை, உண்மையாய்க் கேட்டனீயோ? இல்லாட்டிச் சும்மா எழுதினனீயோ?"

"கேட்டனான். திருப்பித் திருப்பிக் கேட்டனான்."

"பிறகு?"

"வேலையிலை மெசின் இரைச்சலாலை காது போட்டுது, றெஜி. மெல்லிய கம்பியிலை வாற மாதிரி உயரச் சத்தங்கள் ஒண்டும் பிடிபடுறேல்லை. வீட்டு மணி அடிச்சாலும் எனக்குத் தெரியாது."

"எப்ப தொடக்கம்?"

"கன காலம். அதுதான் உன்னை வாசிக்கச் சொல்லிக் கேக்காமல் விட்டனான். சொன்னால் நீயும் வாசிக்கிறதை விட்டிடுவாய் எண்டு பயம்."

றெஜினா கிற்றாரை எடுத்துச் செருகினாள். தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காயம்பட்ட விரலை விலக்கி, தடித்த கம்பிகளில் மட்டும் அந்தப் பாட்டை வாசித்தாள்.

"இது கேக்குதோ?"

"ஓம். இது கேக்குது." என்றான். "புது மரம் எப்பிடி? நீ சொல்லு."

"முந்தி உள்ளறையிலை இருந்து கதைக்கிற மாதிரி. இப்ப படலை வாசலிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி."

"அப்ப திறமாய்த்தான் இருக்கும்" என்றான் லெனாட்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அழைக்கிறான். அவள் தடித்த கம்பிகளில் வாசிக்கிறாள். சில வாரங்களில் பாட்டு முடிந்த பிறகும் மறுபக்கத்திலிருந்து எதுவும் வராது. கேட்கவில்லையா, லைன் விட்டுப்போனதா என்று தெரியாது. அப்போதெல்லாம் அவள் தொடக்கத்திலிருந்து இன்னொருமுறை வாசிப்பாள்.