தொட்டித் தண்ணீர் கடித்த வருஷம்

1963 கோடையில் அம்மா கையை ஊதிக்கொண்டேதான் வேலையிலிருந்து வருவாள். திருத்தங்கலுக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. சாயங்காலம் பெண்கள் எல்லாரும் பம்ப்செட் தொட்டியில் இறங்கி, மேலில் ஒட்டிய அலுமினியப் பொடி போகக் குளித்து, மாற்றுச்சேலை கட்டித்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். பொடியோடு வந்து அடுப்பருகே உட்கார முடியாது. அப்படி உட்கார்ந்த ஒருத்தியின் முந்தானை என்னவானது என்பதைத் தெருவே பார்த்திருந்தது.

அந்தத் தண்ணீர்தான் கடித்தது. கைவெடிப்பில் மருந்து இறங்கி எரிகிறது என்று ஆளாளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார்கள். பகலெல்லாம் மருந்தில் கிடக்கிறவர்களுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஆசியா பீவி மட்டும் லேபிள் ஒட்டுகிறவள், மருந்தைத் தொடாதவள். ஒருநாள் அவள் அம்மாவிடம், “எனக்கும் கடிக்குதே மதினி, அதும் குழாயைப் பிடிச்சாத்தான்” என்றாள். மோட்டாருக்கு எண்ணெய் விட வந்திருந்த வயர்மேன் ஞானமுத்து காதில் அது விழுந்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

போர்மேன் கனகசபாபதிக்குக் கோபம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, பெண்கள் வீட்டில் போய்க் குளித்துக்கொள்ளட்டும் என்றார்.

“வீட்டுல அடுப்பு இருக்கு, இங்கன கரண்டு இருக்கு. அவுக எங்கன போவாக? ரெண்டு நாள் குடுங்கய்யா.” சொல்லிவிட்டு ஞானமுத்து பியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு நாளும் பெண்கள் கிணற்றிலிருந்து வாளியில் இறைத்துக் குளித்தார்கள். மோட்டாரில் நைந்துபோன வயரை அவர் மாற்றினார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி காய்ந்து கிடந்தது; அதைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அதோடு விடவில்லை. மோட்டார், குழாய், தொட்டியின் இரும்புப்படி எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் இணைத்து, அதே கம்பியில் ஒரு செம்புத் தகட்டைக் கட்டித் தண்ணீருக்குள்ளும் இறக்கினார். தண்ணீருக்கு எதற்குக் கம்பி என்று அம்மா கேட்டாள்.

“குழாய் ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம்னு பிரிஞ்சு நின்னதாலதான் நடுவுல ஒங்களப் பிடிச்சு இழுத்துச்சு தாயி. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிட்டா, நாளைக்கு எங்கனயாச்சும் கசிஞ்சாலும் ஆளை இழுக்காது.”

மூன்றாம் நாள் ஒருத்தியும் இறங்கவில்லை. கரண்டு கசிந்தால் எரியும் டெஸ்ட் விளக்கு எரியாததைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் ஞானமுத்து சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொன்னார்.

“அண்ணாச்சி குளிச்சு எம்புட்டு நாளாச்சோ, தண்ணி கலங்கிப்போச்சு” என்றாள் ஆசியா பீவி. அவரும் சிரித்துவிட்டார். அவர் ஏறியதும் அம்மா இறங்கினாள். குழாயைப் பிடித்தாள். கடிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலச் சாயங்காலம், தலையெல்லாம் சீயக்காயோடு அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். பாதிக் குளியலில் மோட்டார் நின்றுவிட்டதாம். ஞானமுத்து என்ன வேலை பார்க்கிறார் என்று ஏச்சு. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. மோட்டாருக்குள் கம்பிச்சுருள் கருகி, கரண்டு அதன் உடம்புக்கே பாய்ந்திருக்கிறது. ஞானமுத்து கட்டிய கம்பி வழியே அது மண்ணில் இறங்கவும் பியூஸ் போயிருக்கிறது. தொட்டியில் அப்போது பன்னிரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஞானமுத்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, தூக்குச்சட்டியில் கறிக்குழம்போடு அம்மா அவர் வாசலில் நின்றாள். பியூஸ் போனதற்கா கறி என்று அவர் கேட்டார்.

“ஒங்களத் திட்டினதுக்கு, அண்ணாச்சி” என்றாள் அம்மா.