சிரித்துக்கொண்டே பள்ளியை விட்ட அக்கா

தம்பி கொடுத்த நாவலை மூன்று நாளில் படித்து முடித்தேன். நான்காம் நாள் அதைத் தூக்கி அரிசி வாளிமேல் எறிந்தேன்.

“நம்ம குடும்பக் கதை மாதிரியே இருக்குக்கா, படிங்க, அழுதுருவீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தான். அவன் கோலா குபு பாருவில் வாத்தியார். நான் ஜெராமில் இருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பார்க்க வருவான். நல்லவன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ரொம்ப அமைதியான நாவல். எஸ்டேட் லயத்தில் ஒரு குடும்பம். என்ன நடந்தாலும் அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. மழைக்கு மட்டும் ஆறு பக்கம். மூத்த பெண்ணுக்கு ஒரே வரி: தம்பிகளைப் பார்த்துக்கொள்ள அவள் சிரித்துக்கொண்டே பள்ளியை விட்டு நின்றாளாம். அடுத்த வரியில் மறுபடியும் மழை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பு முடித்து, கோலா சிலாங்கூரில் இடைநிலைப் பள்ளிக்குப் போகச் சீருடைகூட தைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து எங்கள் எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கிற ஆயா வேலையை விட்டுப் போய்விட்டாள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக வேண்டும். தம்பிக்கு இரண்டு வயது. நான் பள்ளிக்குப் போயே தீருவேன் என்று தரையில் விழுந்து புரண்டேன். அம்மா விட்ட அறையில் காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. சீருடை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனது. அவள் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதை, இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் பார்த்தேன்.

ஊரில் அம்மா சொன்னது வேறு. “அவளேதான் வேணாம்னுட்டா. படிப்பு ஏறல.” அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பொய்யை இப்போது தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறான். தன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, அக்கா எனக்காக மனசார விட்டுக்கொடுத்தாங்க என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கண்ணை மூடுவதற்குள் இவன் ஒருவனுக்காவது உண்மை தெரிய வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவன் வந்து உட்கார்ந்ததும் புத்தகத்தைக் கையில் திணித்தேன்.

“அந்த வரிய சத்தமாப் படி.”

படித்தான். “நல்லாத்தானேக்கா இருக்கு?”

“எவடா சிரிச்சா? நீ பாத்தியா?”

அறை, சீருடை, பஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் முகம் தொங்கிப் போனது.

“நீங்க ஒரு நாளும் சொல்லலையேக்கா.”

“நீ ஒரு நாளாவது கேட்டியா?”

அவன் புத்தகத்தை மூடி மடியில் வைத்தான்.

“அம்மா மேல ரொம்பக் கோவமாக்கா?”

அட, இப்போதும் பழி அம்மாவோடு நின்றுவிட வேண்டும் இவனுக்கு. இல்லைடா, அதெல்லாம் பழைய கதை என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தான்.

“ஆமாடா” என்றேன். “ஒம்மேலயுந்தான்.”