உருகு வளைவில் நான் நகர்த்திய கோடு

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். தவறு செய்தது நான். பழியை அவள்மேல் விழவிட்டதும் நான்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் ஆய்வகத்தில் பிரிவுத் தலைவராக இருந்தேன். பூச்சிமருந்தை அளக்க மற்ற ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வேதிப்பொருள்களுக்குத் தூய்மைச் சான்று தருவது எங்கள் வேலை. இரண்டு மில்லிகிராம் பொடியைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் அடைத்து மெல்லச் சூடாக்குவோம். சுத்தமான பொருள் சட்டென்று உருகும். கலப்பு இருந்தால் முன்னதாகவே இளகத் தொடங்கும். திரையில் வரும் வளைவின் அடிவாரம் நீளும். உருகல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது மட்டும் ஆள் கையில். கோட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் அடிவாரம் கணக்கில் வராது, தூய்மை கூடிவிடும்.

அவள் போட்ட கோட்டில் 98.6 சதவீதம் வந்தது. பொடியை விற்கும் கம்பெனிக்கு 99.5 வேண்டும். நான் தள்ளினேன்.

"சார், அடியில இளகுறது தெரியுதே. அதை விட்டுட்டா எப்படி?"

"நீ கையெழுத்துப் போடும்மா, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பொடியில் கலப்பு இருக்கிறதென்று சில மாதங்களில் வேறோர் ஆய்வகத்திலிருந்து புகார் வந்தது. கோடு போட்டது யார் என்று நிர்வாகம் கேட்டது. பதிவேட்டில் அவள் கையெழுத்து. நான் வாய் திறக்கவில்லை. மறுவாரம் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகுதான் நடந்ததை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். கோப்பு மூடியாயிற்று என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலோடு திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நின்றபடியே படித்தாள்.

"இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமே சார்."

அறுவடை மெஷினோடு வயலில் நின்ற அவள் அப்பா வந்தார். கூலிக்கு நாற்று நட்டு மகளை எம்.எஸ்ஸி. படிக்கவைத்தவர்.

"எம்பொண்ணு ஏதோ கவனக்குறைவா பண்ணிடுச்சு சார். மனசுல வச்சுக்காதீங்க."

"அது ஒண்ணும் பண்ணலைங்க. தப்புப் பண்ணினது நான்."

அவர் சிரித்தார். "பெரிய மனுசங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"அவரு நெசமாத்தான் சொல்றாருப்பா" என்றாள்.

"வீட்டுக்கு வந்தவங்கள சங்கடப்படுத்தாத" என்று அவளைத்தான் கடிந்துகொண்டார்.

என்னைப் பஸ் ஏற்றிவிட வண்டியில் அழைத்துப்போன அவள் அப்பா, வேறெங்காவது அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இரண்டு ஆய்வகங்களில் கேட்டேன். முந்தைய வேலையிலிருந்து ஏன் நிறுத்தினார்கள் என்று இரண்டிலும் கேட்டார்கள். கோட்டைத் தள்ளியது நான்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அதன்பின் அந்த இரண்டு ஆய்வகத்தாருமே என் போனை எடுப்பதில்லை.